பருத்திக்குன்றத்தில் ஒரு பல்துலக்கி

காஞ்சிபுரத்திற்கு வருவோரில் பெரும்பாலோர் ஏகாம்பரநாதரையும் காமாட்சியையும் வரதராசரையும் வணங்கி, பட்டுச்சேலைக் கடைகளில் அரைநாளைச் செலவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். நகரின் தென்மேற்கே, வேகவதி ஆற்றைக் கடந்தால் வரும் திருப்பருத்திக்குன்றத்திற்குச் செல்வோர் மிகச் சிலரே. பெரிய காஞ்சி, சின்னக் காஞ்சி என்று இன்று நாம் வழங்கும் பகுதிகளைப் போலவே, சினகாஞ்சி என்று ஒரு காலத்தில் பெயர்பெற்றிருந்த பகுதி இது. நண்பர்கள் சிலர் குடும்பத்தோடு அங்குச் சென்றிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தில் விதான ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். உடன் வந்த நண்பர் ஒருவரின் மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அண்மையில்தான் பல்வரிசையைச் சீராக்கக் கிளிப் மாட்டியிருக்கிறார்கள். முன்பெல்லாம் ஓயாமல் கேள்வி கேட்கும் பெண், அன்று ஒரு கையால் வாயை மூடியபடியே பேசினாள். வகுப்பில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு, அவளுடைய தாயார் நம்மிடம் கேட்டார்: "கிளிப் கழற்றும் வரைக்கும் எலக்ட்ரிக் பிரஷ் வாங்கிக் கொடுத்தால் நல்லதென்று டாக்டர் சொல்கிறார். கடையில் போய் நின்றால் பத்து வகை இருக்கிறது. நீங்கள்தான் எதைக் கேட்டாலும் சங்க காலத்திலிருந்து தொடங்குவீர்களே சார், இதற்கும் சொல்லுங்களேன்!"

அவர் வேடிக்கையாகக் கேட்டார். ஆனால் நாங்கள் நின்றிருந்த இடம் அக்கேள்வியை வேடிக்கையாக விட்டுவிடக்கூடிய இடமன்று. பல்லையே துலக்குவதில்லை என்று உறுதி பூண்ட துறவியரைப் பல நூற்றாண்டுகள் போற்றி வந்த ஊர் அது.

துலக்காமை என்னும் நோன்பு

பருத்திக்குன்றத்தின் பழைமைக்குச் சான்று பள்ளன்கோயில் செப்பேடுகள். பழைய தஞ்சை மாவட்டத்தில் கிடைத்த இச்செப்பேடுகள், சிம்மவிட்டுணுவின் தந்தையான பல்லவ மன்னன் சிம்மவர்மன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பருத்திக்குன்றின் வச்சிரநந்திக் குரவருக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்ததைக் கூறுகின்றன. சிம்மவர்மனின் காலம் ஆறாம் நூற்றாண்டு. எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், விசயநகர அரசின் தண்டநாயகரான இருகப்பர் இதே கோயிலில் சங்கீத மண்டபத்தை எழுப்பினார். ஆண்டு 1387. மேருமந்தர புராணம் பாடிய வாமன முனிவரும் இவ்வூரோடு தொடர்புடையவரே. ஆக, வச்சிரநந்தி முதல் வாமனர் வரை, துறவியர் வாழ்வை உயர்வாக மதித்த ஓர் ஊர் இது என்பதில் ஐயமில்லை.

திகம்பரத் துறவியர்க்கு மூலகுணங்கள் இருபத்தெட்டு. ஐந்து மாவிரதங்கள், ஐந்து சமிதிகள், ஐம்புலன் அடக்கம், ஆறு நாள்தோறும் செய்கடன்கள் என்பவற்றோடு, எஞ்சிய ஏழும் உடலைப் பற்றியவை: தலைமயிரைக் கையால் பறித்தல், ஆடையின்மை, நீராடாமை, தரையில் படுத்தல், பல் துலக்காமை, நின்றபடி உண்ணல், நாளில் ஒருமுறை மட்டும் உண்ணல். இவற்றுள் பல் துலக்காமைக்கு 'அதந்ததாவனம்' என்று பெயர். குந்தகுந்தரின் பிரவசனசாரம் இப்பட்டியலைத் தருகிறது. காஞ்சிக்குத் தெற்கே வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையே குந்தகுந்தர் தவம் செய்த இடம் என்பது தமிழ்ச் சமணரின் நம்பிக்கை. வட்டகேரரின் மூலாசாரமோ, விரல், நகம், குச்சி முதலிய எதனாலும் பல்லின் அழுக்கை நீக்கலாகாது என்று விரித்துரைக்கிறது.

இது சோம்பலால் வந்த வழக்கம் என்று எண்ணுவது பிழை. உடலை அழகுபடுத்தும் விருப்பத்தை அடியோடு விடுதல், கண்ணுக்குத் தெரியாத உயிர்க்கும் ஊறு செய்யாதிருத்தல் என்னும் இரண்டு நோக்கங்களின் விளைவு அது. நாளுக்கு ஒரே வேளை, நின்றபடி, தம் கைகளில் ஏந்தி உண்பவரின் வாய்க்கும் நம் வாய்க்கும் வேறுபாடு உண்டென்பதையும் மறந்துவிடலாகாது. இந்நோன்பு துறவியர்க்கு மட்டுமே உரியது. இல்லறச் சமணர்க்கு இவ்விதி இல்லை. அவர்கள் எல்லாரையும் போலவே பல் துலக்கி வந்தனர், வருகின்றனர்.

வசைப்பட்டியலும் விரதப்பட்டியலும்

இந்த ஏழு குணங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஏழாம் நூற்றாண்டின் தேவாரப் பதிகங்களில் சமணரைச் சாடும் இடங்களைப் படித்துப் பாருங்கள். மயிர் பறித்தவர், ஆடையற்றவர், குளியாதவர், வாய் நாறுபவர், நின்று உண்பவர் என்று வசைகள் வரிசையாக வரும். திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர் இருவர் பாடல்களிலும் இவை மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. வசைப்பட்டியலும் விரதப்பட்டியலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதை அப்போது உணரலாம். ஒரு தரப்பு எதை நோன்பாகக் கொண்டதோ, மறுதரப்பு அதையே இழிவின் அடையாளமாக்கியது.

நாவுக்கரசர் தாமே தருமசேனர் என்னும் பெயரோடு சமணத் துறவியாய் இருந்தவர் என்று பெரியபுராணம் கூறுகிறது. அப்படியாயின், துலக்காத பல்லின் பொருள் என்னவென்று அவருக்குத் தெரியாதிருக்க வழியில்லை. சமயப் போட்டியின் சூடு அத்தகையது. அதை இன்று நியாயத் தராசில் நிறுத்துப் பார்ப்பது நம் நோக்கமன்று. நாம் கவனிக்க வேண்டுவது ஒன்றுதான். ஒருவரை அவமதிக்க வேண்டுமென்றால், அவர் கொள்கையை மறுப்பதைக் காட்டிலும் அவர் வாயைச் சுட்டிக்காட்டுவது எளிது. அது கேட்பவருக்கு உடனே உறைக்கும். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களும் இதை அறிந்தே வைத்திருக்கின்றனர்.

இதன் மறுபக்கமும் நம் இலக்கியத்தில் உண்டு. பெண்களின் பற்களை முல்லை அரும்புக்கும் முத்துக்கும் ஒப்பிடுவது சங்கப் புலவர் காலந்தொட்டு நம் வழக்கம். காமத்துப்பாலில் வள்ளுவரின் தலைவனும் காதலியின் வெண்பற்களை வியக்கத் தவறவில்லை. சமண முனிவர் இயற்றியதாக மரபு கூறும் நாலடியாரோ, தூய்தன்மை என்னும் அதிகாரத்தில் இந்த உவமைகளையே எள்ளி நகையாடுகிறது. முல்லை என்றும் முத்து என்றும் பிதற்றுவோர் பேச்சுக்கு மயங்கமாட்டேன், சுடுகாட்டில் உதிர்ந்து கிடக்கும் பல்லைப் பார்த்தவன் நான் என்கிறது அப்பாட்டின் குரல். பல்லை வைத்து ஒருவரைப் புகழ்வதையும் அது ஏற்கவில்லை. பல்லை வைத்து இகழ்வதையும் அது ஏற்றிராது என்று நாம் கருதலாம்.

இங்கே ஒரு சுவையான முரண். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி தரும், நாலும் இரண்டும் சொல்லுக்கு உறுதி தரும் என்பது நாம் பள்ளியில் படித்த பழமொழி. நால் என்பது நாலடியார், இரண்டு என்பது குறள். பல் துலக்கும் குச்சியைப் போற்றும் பழமொழி, அதே மூச்சில், குச்சியையே தொடாத முனிவர்களின் நூலையும் போற்றுகிறது! நம் முன்னோர்க்கு இதில் எந்த இடர்ப்பாடும் தோன்றவில்லை. (இப்பழமொழியில் வரும் வேல் என்பதை வேம்பு என்று கொள்வோர் உளர். அது கருவேலமரத்தைக் குறிப்பது. பிற்காலத்தில் வந்து பரவிய சீமைக் கருவேலம் வேறு.)

குச்சியின் இலக்கணம்

பருத்திக்குன்றத்துத் துறவியர் குச்சியைத் துறந்திருந்த அதே நூற்றாண்டுகளில், அதே காஞ்சியின் பௌத்தப் பள்ளிகளில் குச்சி அன்றாடக் கடமையாக இருந்தது. மணிமேகலையின் கதை வந்து முடியும் நகரம் காஞ்சி. சுமார் 640-இல் தென்னாடு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட சங்காராமங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்ததாகவும், நிர்க்கிரந்தரும் மிகுதியாக இருந்ததாகவும் குறித்திருக்கிறார். நாலந்தாவின் தலைமை ஆசானாக விளங்கிய தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர். அவருக்குப் பின், அதே நாலந்தாவில் பல ஆண்டுகள் தங்கிக் கற்ற இட்சிங் என்னும் சீனத் துறவி, இந்தியப் பிக்குகள் காலையில் பற்குச்சியை மென்று துலக்கும் முறையைத் தம் நூலில் ஒரு தனி இயலாகவே எழுதினார். ஈரும் பல்லும் நோகாமல் மெல்லத் தேய்க்க வேண்டும், நாவையும் வழிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு.

பாலி மொழி விநயபிடகத்தின் சுல்லவக்கப் பகுதியில் குச்சியைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி வருகிறது. பற்குச்சி வைத்துக்கொள்ளப் புத்தர் இசைவளிக்கிறார். சில பிக்குகள் நீளமான குச்சிகளை வைத்துக்கொண்டு, அவற்றால் சாமணேரரை அடிக்கத் தொடங்குகின்றனர். சாமணேரர் என்போர் இன்னும் முழுத் துறவு பெறாத இளையோர், பெரும்பாலும் நம் பள்ளி மாணவர் வயதினர். செய்தி புத்தரிடம் செல்கிறது. எட்டு விரற்கடைக்கு மேல் குச்சி நீளலாகாது என்று விதி பிறக்கிறது. பிறகு ஒருவர் மிகக் குட்டையான குச்சியை வைத்துத் துலக்கப்போய், அது தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. நான்கு விரற்கடைக்குக் குறையலாகாது என்று இன்னொரு விதி சேர்கிறது. பல் துலக்கும் கருவிக்கு அளவு வகுத்தபோது, அது இளையோரை அடிக்கும் கோலாகிவிடக் கூடாது என்பதும் கணக்கில் கொள்ளப்பட்டது. இதை நினைவில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

மருத்துவ நூல்களுக்கு வருவோம். சுசுருத சங்கிதை குச்சிக்குப் பன்னிரண்டு விரற்கடை நீளமும் சுண்டுவிரல் பருமனும் கூறுகிறது. சரக சங்கிதை தரும் இலக்கணம் இன்னும் கூர்மையானது. துவர்ப்பு, கார்ப்பு, கைப்புச் சுவையுள்ள குச்சியாக இருக்க வேண்டும். அதன் நுனியை நசுக்கி நாராக்கிக்கொள்ள வேண்டும். நாளுக்கு இருமுறை துலக்க வேண்டும். துலக்கும்போது ஈற்றுத் தசை புண்படலாகாது.

தமிழில், பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த ஆசாரக்கோவையில் பெருவாயின் முள்ளியார் காலைக் கடன்களைச் சொல்லும்போது பற்குச்சியைக் 'கோல்' என்றே குறிக்கிறார். கோலால் பல் துலக்கி, கண் கழுவி, அதன்பின் தெய்வத்தைத் தொழ வேண்டும் என்பது அவர் வகுக்கும் வரிசை. துலக்காத வாயோடு தெய்வத்தின் முன் நிற்கலாகாது என்னும் எண்ணம் நம் வீடுகளில் இன்றளவும் நீடிப்பதற்கு இத்தகைய நூல்களும் காரணமாகலாம்.

உமிக்கரியிலிருந்து மின்சாரம் வரை

குச்சிக்குப் பின் நம் வீடுகளை ஆண்டது விரல்தான். உமிக்கரி, அடுப்புக்கரி, உப்பு, சில இடங்களில் செங்கல் தூள் ஆகியவற்றை ஆட்காட்டி விரலில் தொட்டுத் தேய்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. கரகரப்பான இப்பொடிகள் நாளடைவில் பல்லின் மேற்பூச்சான எனாமலையும் சேர்த்தே தேய்த்தன. பின்னர் பொட்டலப் பல்பொடிகள் வந்தன. நஞ்சன்கூடு பற்பொடியும் கோபால் பல்பொடியும் பயோரியாவும் வீட்டுப் பெயர்களாயின. இலங்கை வானொலியின் விளம்பரக் குரல்களோடு சேர்த்தே கோபால் பல்பொடியை நினைவுகூர்வோர் பலர். புகையிலை கலந்த பல்பொடிகளும் நாட்டின் பல பகுதிகளில் விற்பனையாயின. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை 1992-இல் இந்திய அரசு தடை செய்தது.

தூரிகை வடிவிலான பல்துலக்கி சீனத்தில் தோன்றியது. இங்கிலாந்தில் 1780-ஐ ஒட்டி வில்லியம் ஆடிசு அதைப் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கினார். பன்றி மயிரே அக்காலத்து இழை. 1938-இல் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் நைலான் இழையைக் கொண்டுவந்த பிறகே விலங்கின் மயிர் பல்துலக்கியிலிருந்து விடைபெற்றது.

துலக்கும் நேரத்தைப் பற்றிப் பேசும்போது காந்தியடிகளை விட்டுவிட முடியாது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த நாள்களில், காலையில் பல் துலக்கப் பதினைந்து நிமிடமும் குளிக்க இருபது நிமிடமும் செலவிட்டதாகவும், துலக்கும் நேரத்தில் சுவரில் ஒட்டிவைத்த கீதைச் சுலோகங்களை மனப்பாடம் செய்து, பதின்மூன்று அத்தியாயங்களைக் கற்றதாகவும் அவர் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். இன்றைய பல் மருத்துவர்கள் கேட்பது வேளைக்கு இரண்டே நிமிடம். அதற்கே நம் பிள்ளைகளிடம் மன்றாட வேண்டியிருக்கிறது.

மின்சாரப் பல்துலக்கிக்கு வருவோம். சுவிட்சர்லாந்தில் 1954-இல் பிலிப் கை வூக் என்னும் மருத்துவர் உருவாக்கிய 'பிராக்சோடெண்ட்' வெற்றிகரமான முதல் மின்துலக்கி எனப்படுகிறது. அது யாருக்காக உருவானது என்பதே நம் கதைக்கு முதன்மையானது. கையை நன்கு இயக்க இயலாத நோயாளிகளுக்காகவும், பல்வரிசையைச் சீராக்கக் கம்பி மாட்டியவர்களுக்காகவும் அது உருவானது. ஆக, அன்று நம் அருகில் வாயைப் பொத்தியபடி நின்ற பெண்தான் அக்கருவியின் முதல் உரிமையாளர்! 1960-இல் அது அமெரிக்கச் சந்தையை அடைந்தது. 1961-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வயரில்லாத, சார்ஜ் செய்யத்தக்க துலக்கியை வெளியிட்டது. 1990-களின் தொடக்கத்தில் இன்றைய இரு பெரும் வகைகளும் நிலைபெற்றன. ஒன்று, சிறிய வட்டத்தலை இடமும் வலமுமாகச் சுழன்று திரும்பும் வகை. மற்றொன்று, நீள்வட்டத் தலை மிக விரைவாக அதிரும் 'சோனிக்' வகை. இவ்வகையில் அசைவுகள் நிமிடத்திற்குச் சுமார் 31,000 வரை செல்லும்.

கறை வேறு, அழுக்கு வேறு

எந்தக் கருவியாலும் துலக்க முடியாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் இயற்கையாகவே புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அதனினும் மிகுந்த நீரைக் குடித்து வளர்ந்தோர்க்கு, பல்லின் மேல் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் நிலையாகத் தங்கிவிடும். ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே படிந்துவிட்ட கறை அது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இக்குறையைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிசு தணிப்புத் திட்டம் சப்பானிய நிதியுதவியோடு நிறைவேற்றப்பட்டு, 2013-இல் பயன்பாட்டிற்கு வந்தது.

நம் கல்லூரியில் அப்பகுதியிலிருந்து வந்து படித்த மாணவர்கள் சிலரை நினைத்துக்கொள்கிறோம். முதலாண்டில் வாய்மொழித் தேர்வென்றால் உதட்டை இறுக்கிக்கொண்டு விடை சொல்வார்கள். அவர்கள் பல் துலக்காதவர்கள் என்றே சக மாணவர் எண்ணினர். உண்மையைச் சொன்னால், ஆசிரியர்களாகிய நாமும் தொடக்கத்தில் அவ்வாறே எண்ணியதுண்டு. ஊரின் கிணற்றுநீர் செய்த வேலைக்குப் பிள்ளைகள் பழி சுமந்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் நோன்புக்குக் கிடைத்த வசை, இருபதாம் நூற்றாண்டில் தண்ணீருக்குக் கிடைத்தது. வாயைப் பார்த்து மனிதரை அளக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

எனில், எதை வாங்குவது?

குரா மரத்தடிக்கு வந்து அமர்ந்தபின், நண்பரின் மனைவி கேட்ட கேள்விக்கு இயன்ற வரையில் விடை சொன்னோம். வேடிக்கை என்னவென்றால், சரகர் சொன்ன இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போகலாம்.

நுனி நாராக நசுங்கியிருக்க வேண்டும் என்றார் அவர். இன்று அதற்கு 'சாஃப்ட்' இழை என்று பெயர். பதின்பருவத்தில் கடினமான இழை வேண்டவே வேண்டா. தலை சிறியதாக இருத்தல் நலம். பன்னிரண்டு வயதை ஒட்டி இரண்டாம் கடைவாய்ப் பற்கள் முளைத்திருக்கும். அங்கே எட்டாத துலக்கியால் பயனில்லை. கிளிப் மாட்டியவர்களுக்கென்றே சில நிறுவனங்கள் தனித் தலைகளை விற்கின்றன.

ஈறு புண்படலாகாது என்றார். அழுத்தம் மிகும்போது விளக்கு எரிந்தோ, வேகம் குறைந்தோ எச்சரிக்கும் உணரி இன்று பல துலக்கிகளில் உண்டு. நம் பார்வையில் கூடுதல் பணம் கொடுத்து வாங்கத்தக்க வசதி இது ஒன்றுதான். பிள்ளைகள் கைத்துலக்கியைப் பிடித்த பழக்கத்தில் இதையும் பிடித்துத் தேய்ப்பார்கள். தேய்க்க வேண்டியதில்லை. பல்லின்மேல் மெல்ல வைத்து, ஒவ்வொரு பல்லாக நகர்த்தினால் போதும். பூப்புப் பருவத்தில் ஈறு எளிதில் வீங்கிக் குருதி கசிவதுண்டு. அதைக் கண்டு அஞ்சித் துலக்குவதை நிறுத்திவிடுவோரே மிகுதி. அப்போதுதான் மென்மையாக, விடாமல் துலக்க வேண்டும்.

இருமுறை என்றார். இரவுத் துலக்கலே இரண்டில் இன்றியமையாதது. இரண்டு நிமிடம் எண்ணிக்காட்டும் டைமர் இன்று பெரும்பாலான துலக்கிகளில் இருக்கிறது. முப்பது வினாடிக்கு ஒருமுறை அதிர்ந்து, வாயின் அடுத்த பகுதிக்குச் செல்லச் சொல்லும் வகைகளும் உண்டு.

சுழலும் வகையா, சோனிக் வகையா என்று கடைக்காரர் கேட்பார். இரண்டில் எதுவாயினும் குறையில்லை. எந்த வகையின் மாற்றுத் தலை உங்கள் ஊர்க் கடையில் எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கிறதென்று பாருங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை தலையை மாற்ற வேண்டும் என்பதால், கருவியின் விலையைவிடத் தலையின் விலையே நெடுநாளில் கையைக் கடிக்கும். ஒரே கைப்பிடியில் வீட்டார் ஆளுக்கொரு தலையை மாட்டிக்கொள்ளலாம். ஒருவர் தலையை மற்றவர் பயன்படுத்தலாகாது.

மின்துலக்கி கட்டாயமா என்றால், இல்லை. 2014-இல் காக்ரேன் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பாய்வு, 5,068 பேர் பங்குபெற்ற 56 ஆய்வுகளை ஆராய்ந்தது. மின்துலக்கியை மூன்று மாதத்திற்கு மேல் பயன்படுத்தியோரிடம், கைத்துலக்கியினரைக் காட்டிலும் பற்படலம் 21 விழுக்காடும் ஈற்றழற்சி 11 விழுக்காடும் குறைவாக இருந்தன. பயன் உண்டு, ஆனால் மந்திரமில்லை. புளோரைடு கலந்த பற்பசையும், கிளிப்பின் கம்பி இடுக்கில் நுழையும் சிறு தூரிகையும், இனிப்பைக் குறைப்பதும் சேர்ந்தால்தான் முழுப்பயன். கம்பியைச் சுற்றிப் படலம் தங்கினால், கிளிப்பைக் கழற்றும் நாளில் பல்லில் வெண்புள்ளிகள் நிலைத்துவிடும். பணம் தட்டுப்பாடாக இருக்கும் வீட்டில், நல்லதொரு மென்னிழைக் கைத்துலக்கியும் இரண்டு நிமிடப் பொறுமையும் போதும் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

கடைசியாக, கைப்பேசிச் செயலியோடு இணையும் விலையுயர்ந்த வகைகளைப் பற்றிக் கேட்டார் அந்தத் தாய். "எத்தனை நிமிஷம் தேய்த்தாள், எங்கே விட்டாள் என்று ஃபோனிலேயே வந்துவிடுமாமே. அதை என் ஃபோனில் போட்டுக்கொண்டால் தினமும் பார்த்துக் கண்டிக்கலாம்" என்றார். அப்போதுதான் சுல்லவக்கத்தின் நீளக் குச்சியைப் பற்றிச் சொன்னோம். பிள்ளை தன் கையில் வைத்துக்கொண்டால் அது துலக்கி. அதன் மறுமுனை பெரியவர் கையில் இருந்தால், எட்டு விரற்கடையைத் தாண்டிவிட்டதென்று பொருள். தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ள அவள் விரும்பினால் செயலி இருக்கட்டும். ஏற்கெனவே வகுப்பறை அவள் வாயை உற்றுப் பார்க்கிறது. வீடும் சேர்ந்து பார்க்க வேண்டுமா?

அவர் பதில் கூறவில்லை. இத்தனை நேரமும் கேட்டுக்கொண்டிருந்த மகள்தான் பேசினாள்.

"அந்த முனிவர்களை எல்லாரும் அப்படித் திட்டினார்களே மாமா, அதற்காக அவர்கள் பல் தேய்க்க ஆரம்பித்தார்களா?"

"இல்லையம்மா. இன்றைக்கும் திகம்பர முனிவர்கள் அந்த நோன்பை விடவில்லை."

சிறிது நேரம் யோசித்தாள். "நான் தேய்ப்பேன்" என்றாள். "ஆனால் அவர்கள் சொல்கிறார்கள் என்பதற்காக இல்லை."

மறுவாரம் அவளே கடைக்குச் சென்று, அழுத்த உணரியும் டைமரும் மட்டுமுள்ள, செயலி இல்லாத, நடுத்தர விலைத் துலக்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்ததாக நண்பர் தெரிவித்தார்.

பருத்திக்குன்றத்துக் குரா மரத்தைப் பற்றி அங்கே ஒரு கல்வெட்டுப் பாடல் உண்டு. அம்மரம் தன் அளவில் வளராமலும் குறையாமலும் நிற்கும் என்றும், அரசனின் செங்கோலைக் காட்டும் என்றும் அது கூறுகிறது. அன்று புறப்படுமுன் அம்மரத்தின் முன் அனைவரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அவள் வாயை மூடியபடியே நின்றாள். கையால் மறைக்கவில்லை, உதடு மட்டும் மூடியிருந்தது. சிரி என்று எங்களில் யாரும் அவளிடம் சொல்லவில்லை.